கட்டிங் பிளேயரும் ஒரு மதிப்பெண்ணும்

மேஜை மேல் ஒரு தடித்த துண்டு. அதன் மேல் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. பெட்டிக்குள் 1880-களில் அச்சடித்த அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்று. தலைப்பில் ஒரு சீட்டு: எம்.எஸ். 65. கட்டிங் பிளேயர் பெட்டியின் மூலையைக் கவ்வுகிறது. டக். அடுத்த மூலை. டக். ஓரத்தில் விரிசல் ஓடியதும் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் பெட்டி இரண்டாகப் பிளந்துகொள்ளும். இந்த இடத்தில்தான் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் சில்லு ஒன்று நாணயத்தின் முகத்தில் மயிரிழை அளவு கீறினாலும் போட்ட காசு போச்சு.

அதை வெளியே எடுத்தவர் செலவழிப்பதற்காக எடுக்கவில்லை. பெட்டியில் அடைத்து 65 என்று எழுதிக்கொடுத்த அதே நிறுவனத்துக்கு, அதே நாணயத்தை நாளைக் காலை மறுபடியும் அனுப்பப் போகிறார். இந்தத் தடவை 66 போடுவார்களா என்று பார்க்க. போட்டால் லாபம். போடாவிட்டால் மறுபடியும் துண்டு, மறுபடியும் பிளேயர்.

அமெரிக்க நாணயச் சந்தையில் இதற்கு ‘கிராக் அவுட்’ என்று பெயர். இதையே பிழைப்பாக வைத்திருப்பவர்களும் உண்டு. நம் ஊரில் பிளஸ் டூ விடைத்தாளுக்கு மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று வழி இருப்பதுபோல அங்கும் முறையான வழிகள் இருக்கின்றன. பெட்டியோடு அனுப்பி, இன்னொரு தடவை பாருங்கள் என்று கேட்கலாம். உயர்த்தலாம் என்று தோன்றினால்தான் பெட்டியைத் திறப்பார்கள். இல்லையென்றால் வந்தபடியே திரும்பிவிடும். இவ்வளவு பத்திரமான வழி இருக்கும்போது எதற்குப் பிளேயர்?

பெட்டியோடு போனால் பழைய மதிப்பெண்ணும் கூடவே போகிறது, அதனால்தான். 65 என்ற எண்ணைப் பார்த்துவிட்ட கண் அதையே சுற்றிச் சுற்றி வரும். உளவியலாளர்கள் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974-ல் வெளியிட்ட பெயர்பெற்ற கட்டுரையில் இந்தப் பழக்கத்துக்கு நங்கூரத்தின் பெயரைத்தான் வைத்தார்கள். முதலில் காதில் விழுந்த எண்ணில் மனம் நங்கூரம் பாய்ச்சிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு இழுத்தாலும் கயிற்றின் நீளத்துக்குள்தான் அசையும். பெட்டியை உடைத்துவிட்டால் கயிறு அறுந்தது. போய்ச் சேரும் நாணயம் ஊர் பெயர் தெரியாத புது ஆள்.

இந்த மதிப்பெண் நூற்றுக்கு அல்ல, எழுபதுக்கு. ஏன் எழுபது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

வில்லியம் ஹெர்பர்ட் ஷெல்டன் என்ற அமெரிக்கர் தொழிலால் உளவியலாளர். மனித உடலை ஒல்லி, பருமன், கட்டுடல் என்று வகைபிரித்து, உடல்வாகுக்கும் குணத்துக்கும் முடிச்சுப் போட்டவர். பொழுதுபோக்கு, பழைய செப்புக் காசுகள். 1949-ல் ‘ஏர்லி அமெரிக்கன் சென்ட்ஸ்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். 1794-ம் ஆண்டின் பெரிய செப்புச் சென்ட் ஒன்று, இன்ன காசு என்று அடையாளம் மட்டும் தெரிகிற அளவுக்குத் தேய்ந்து கிடந்தால் அதன் விலை 1 டாலர் என்று வைத்துக்கொண்டார். அச்சிலிருந்து அப்போதுதான் விழுந்ததுபோல் இருக்கும் சென்ட், அவர் கணக்கில் 70 டாலர் பெறும். ஆகவே அதற்கு மதிப்பெண் 70. நடுவில் இருப்பவை அந்தந்த விலைக்கு ஏற்ப 12, 20, 40. ஆக, நிலைமையை அளந்து விலை சொல்ல வந்த அளவுகோல் அல்ல இது. விலையைப் பார்த்து நிலைமைக்கு எண் கொடுத்த அளவுகோல்.

விலைகள் சீக்கிரமே அந்தக் கணக்கை உடைத்துக்கொண்டு ஓடிவிட்டன. எண்கள் மட்டும் நின்றுவிட்டன. பின்னால் செம்பு, வெள்ளி, தங்கம் என்ற பேதமில்லாமல் எல்லா நாணயத்துக்கும் அதே எழுபதைப் பூட்டினார்கள்.

ஷெல்டன் 1977-ல் இறந்தார். நியூயார்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேமிப்பிலிருந்த நல்ல சென்ட்களை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தன்னுடைய மட்டமான சென்ட்களை வைத்திருந்தார் என்பது அதற்கப்புறம்தான் வெளியே வந்தது. வழக்கு நடந்தது, காசுகள் பல திரும்பி வந்தன. மட்டமானதைக் கொடுத்து மேலானதை வாங்கும் கலை அந்த அளவுகோலோடு சேர்ந்தே பிறந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்று புழங்கும் அளவுகோலில் 1 முதல் 58 வரை எல்லா எண்ணும் கிடையாது. இடைவெளி விட்டு விட்டு 19 படிகள். 60 முதல் 70 வரை ஒன்றுவிடாமல் 11 படிகள். 60-க்குக் கீழே இருப்பவை மனிதர் கையில் வாழ்ந்த நாணயங்கள். 60-ம் அதற்கு மேலும் புழக்கத்துக்கே வராதவை, எம்.எஸ். என்ற எழுத்துகள் அதைத்தான் சொல்கின்றன. பணமெல்லாம் இந்த இடத்தில்தான். சான் பிரான்சிஸ்கோ நாணயச் சாலையில் 1884-ல் அடித்த மார்கன் என்ற வகை வெள்ளி டாலர்கள் 32 லட்சம். தேய்ந்த ஒன்றை மத்தியதரக் குடும்பத்துப் பையன்கூட வாங்கிவிடலாம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை புழக்கத்துக்குப் போய்விட்டதால், கைபடாத ஒன்று சிக்கினால் விலை பல பத்தாயிரம் டாலர். 58-க்கும் 60-களுக்கும் நடுவில் இருப்பது ஒரு கோடு அல்ல, ஒரு பள்ளத்தாக்கு.

அந்தக் கோட்டுக்காவது இயற்பியல் சாட்சி இருக்கிறது. புது நாணயம் ஏதாவது கிடைத்தால் நீங்களே பார்க்கலாம். ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு ஒற்றை பல்பின் கீழே சாய்த்துப் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு இரண்டு ஒளிப்பட்டைகள், சக்கரத்தின் ஆரக்கால்போலச் சுற்றிவரும். பழைய வெள்ளி நாணயத்தில் இது இன்னும் அழகு. அச்சு அமுக்கும்போது உலோகம், கட்டைக்கு அடியில் சப்பாத்தி மாவு விரிவதுபோல, நடுவிலிருந்து வெளியே வழிகிறது. ஆயிரக்கணக்கான நாணயங்கள் இப்படி வழிந்து வழிந்து அச்சின் முகத்திலேயே கண்ணுக்குத் தெரியாத வரப்புகளை உழுதுவிடும். அந்த வரப்புகள் அடுத்தடுத்த நாணயங்களில் பதிகின்றன. ஒளி அவற்றில் பட்டுத் திரும்புவதுதான் அந்தச் சுற்றும் பட்டை. ‘வண்டிச்சக்கரம்’ என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள்.

கட்டைவிரல் ஒன்று, சட்டைப்பை ஒன்று, கல்லாப்பெட்டி ஒன்று. வரப்பு மழுங்க இவ்வளவு போதும். மார்கன் டாலரில் முதலில் மழுங்குவது சுதந்திர தேவியின் காதுக்கு மேலுள்ள கூந்தல். பின்பக்கம் கழுகின் மார்பு. சக்கரம் சுற்றிவரும்போது அந்த மேட்டில் மட்டும் ஒளி தடுக்கி விழும். சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. அவ்வளவுதான், அந்த நாணயம் உலகத்தைப் பார்த்துவிட்டது.

60-க்கு மேலே இந்தச் சாட்சி உதவாது. அங்கே தேய்மானமே இல்லை, வெறும் அடிகள்தான். மார்கன் டாலர்களை ஆயிரம் ஆயிரமாகக் கான்வாஸ் பையில் கட்டினார்கள். ஒன்று 26.73 கிராம், பை ஒன்று ஏறக்குறைய 27 கிலோ. கருவூலத்தின் நிலவறையில் இந்தப் பைகளைத் தூக்கிப் போட்டு, அடுக்கி, மாற்றி அடுக்கும்போதெல்லாம் ஒரு டாலரின் விளிம்பு இன்னொரு டாலரின் கன்னத்தில் வெட்டியது. தேவியின் கன்னம் அகன்ற, வழவழப்பான வெளி. அங்கே ஒரு வெட்டு விழுந்தால் மதிப்பெண் போய்விடும். கூந்தல் மடிப்புக்குள் நாலைந்து கிடந்தாலும் கண் தாண்டிப் போய்விடும். இதோடு அச்சு எவ்வளவு அழுத்தமாக விழுந்திருக்கிறது, பளபளப்பு எப்படி, மொத்தத்தில் பார்க்க லட்சணமாக இருக்கிறதா என்பதையெல்லாம் கூட்டிக் கலக்கி ஒரே எண்ணாகச் சொல்ல வேண்டும். அந்த எண் 65-ஆ 66-ஆ என்று உரைத்துப் பார்க்க உரைகல் எதுவும் கிடையாது. பார்க்கிற கண்தான் உரைகல்.

1980-களின் நடுப்பகுதிவரை அந்தக் கண் வியாபாரியுடையது. வாங்கும்போது 63 என்று தெரிந்த நாணயம் விற்கும்போது 65 என்று தெரியும். 1986-ல் டேவிட் ஹாலும் சில வியாபாரிகளும் சேர்ந்து பி.சி.ஜி.எஸ். நிறுவனத்தைத் திறந்தார்கள், அடுத்த வருடம் ஜான் அல்பனீஸ் என்.ஜி.சி.யைத் தொடங்கினார். வாங்கவோ விற்கவோ செய்யாத மூன்றாம் ஆள் மதிப்பெண் போடுவார், நாணயத்தை ஒலியலையால் உருக்கி ஒட்டிய பெட்டியில் அடைத்துத் தருவார், கூட்டிப் போட்டுவிட்டோம் என்று பின்னால் தெரிந்தால் நஷ்டத்தை ஈடுகட்டுவார். மங்கலான அறை, ஒரு விளக்கு, உரிமையாளர் பெயர் இல்லாத நாணயம். குறைந்தது இரண்டு பேர், ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியாமல். சாதாரண நாணயத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நல்ல ஏற்பாடு, என்னைக் கேட்டால் மிக நல்ல ஏற்பாடு.

ஆனால் அதே மனிதர் அதே பொருளை இரண்டாம் தடவை பார்த்தால் அதே எண்ணைச் சொல்வாரா? ஒயின் உலகத்தில் ராபர்ட் ஹாட்ஜ்சன் இதைச் சோதித்துப் பார்த்தார். கலிபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில், ஒரே புட்டியிலிருந்து மூன்று கோப்பைகளை ஊற்றி, மற்ற ஒயின்களுக்கு நடுவே கலந்து நடுவர்களிடம் வைத்தார்கள். 2008-ல் வெளியான முடிவு: மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே தரத்தைச் சொன்னவர்கள் நடுவர்களில் பத்தில் ஒருவர்தான். நாணயம் பார்க்கிறவர்கள் இவர்களைவிட எவ்வளவோ மேல் என்றே நினைக்கிறேன். நாக்கைவிடக் கண் நிதானமானது. 65 போட்ட நாணயத்துக்கு மறுநாள் 61 போட்டுவிட மாட்டார்கள். ஆனால் இரண்டு படிக்கும் நடுவில் ஒரு நாணயம் உட்கார்ந்திருந்தால்? பத்து அருமையான நாணயங்களைப் பார்த்த கையோடு அதை எடுத்தால் சுமாராகத் தெரியும். பத்து அழுக்கு நாணயங்களுக்கு அப்புறம் எடுத்தால் ஜொலிக்கும்.

இந்த ஊசலாட்டத்தைத்தான் பிளேயர்காரர் காசாக்குகிறார். அவருடைய கணக்கு எளிது. நாணயம் நல்ல 65, ஐந்தில் ஒரு தடவை 66 விழலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவை அனுப்பினால் வாய்ப்பு 20 சதவீதம். ஐந்து தடவை அனுப்பினால் ஒரு முறையாவது 66 விழும் வாய்ப்பு 67 சதவீதம். பத்து தடவை என்றால் 89. ஒவ்வொரு தடவையும் கட்டணம் 50 டாலர், 65-க்கும் 66-க்கும் விலை வித்தியாசம் 3000 டாலர் என்று போட்டுப் பாருங்கள். பத்து தடவைக்கும் செலவு 500. இது சூதாட்டம்கூட இல்லை, பொறுமை. நடுவில் 64 வந்து தொலைத்தால்? அதையும் உடைத்துவிட வேண்டியதுதான். அந்த 64-ஐப் பார்த்த கண்கள் இரண்டு ஜோடி மட்டுமே, அவையும் மறந்துவிடும். உண்மையான பயம் வேறு: எப்போதோ யாரோ துணியால் துடைத்த மயிரிழைக் கோடுகளை இந்தத் தடவை ஒருவர் கவனித்து, மதிப்பெண்ணே போடாமல் ‘சுத்தப்படுத்தப்பட்டது’ என்று எழுதிவிடலாம்.

இதில் என்னை நிறுத்திய விஷயம் ஒன்று. அளவீட்டில் பிழை வருவது சகஜம்; மேலேயும் வரும், கீழேயும் வரும், நிறைய அளந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும் என்றுதான் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டிருக்கிறோம். எந்த அளவை வைத்துக்கொள்வது, எதை உடைத்தெறிவது என்று தேர்வு செய்யும் உரிமை ஒரு தரப்புக்கு மட்டும் இருந்தால் அப்படிப் போகாது. சைக்கிளின் ஃப்ரீவீலை நினைத்துக்கொள்ளுங்கள். பெடலைப் பின்னால் சுற்றினால் கிர்ரென்று சத்தம் வருமே தவிர வண்டி பின்னால் போகாது. முன்னால் மிதித்ததுதான் கணக்கு. கால் முன்னும் பின்னும் சரிசமமாக ஆடினாலும் வண்டி முன்னாலேயே நகரும். குறைத்துப் போட்ட மதிப்பெண்கள் உடைந்து மறைகின்றன. கூட்டிப் போட்டவை பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. தப்பித்தவறி 66 வாங்கிய நாணயத்தை மறுபடி அனுப்பினால் 65 ஆகிவிடும் என்று அதன் சொந்தக்காரருக்கு நன்றாகத் தெரியும். அதனால் அது என்றைக்கும் போகாது.

நாற்பது வருடம் இப்படி நகர்ந்தால் என்ன ஆகும்? 66 என்று எழுதிய பெட்டிகளில் அரைகுறை 66-கள் சேர்ந்துகொண்டே போகும். புதிதாக வேலைக்கு வரும் ஒருவர் 66 எப்படி இருக்கும் என்பதை அந்தப் பெட்டிகளைப் பார்த்துத்தான் பழகுவார். ஒரு காலத்தில் லேசாக உரசியது என்று 58 வாங்கிய நாணயங்கள் பல இன்று 62 பெட்டியில் இருப்பதை அந்தத் துறைக்காரர்களே ஒப்புக்கொள்கிறார்கள். விலைவாசிபோல மதிப்பெண்ணும் வீங்குகிறது.

இன்னொரு புள்ளிவிவரமும் கெட்டது. எந்த நாணயத்துக்கு எந்த மதிப்பெண் எத்தனை தடவை போட்டோம் என்று நிறுவனங்கள் ஒரு கணக்கு வெளியிடுகின்றன. அரிதா, சாதாரணமா என்று அதைப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். உடைத்தவர் பழைய சீட்டைத் திருப்பி அனுப்பாமல் குப்பையில் போட்டால், ஒரே நாணயம் ஏழு தடவை போய் ஏழு நாணயமாகப் பதிவாகிவிடும். சீட்டைத் தயவுசெய்து அனுப்புங்கள் என்று நிறுவனங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. தன் நாணயம் அரிதாகத் தெரிய வேண்டுமென்ற ஆசையில் சிலர் அனுப்புகிறார்கள். மற்றவர்களுக்குச் சோம்பல்.

இரண்டு பயணத்துக்கு நடுவில் நாணயமே மாறிவிடுவதும் உண்டு. வெள்ளியின் மேல் காற்றிலுள்ள கந்தகம் படிந்து வெள்ளிச் சல்பைடு படலமாகிறது. மழை நின்ற தார்ச்சாலையில் சிந்திய எண்ணெய் வானவில் காட்டுவதும் இந்தப் படலம் நிறம் காட்டுவதும் ஒரே காரணத்தால்தான். படலத்தின் மேல் முகத்திலும் அடி முகத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று மோதிக் கலக்கின்றன. மெல்லிய படலம் வெளிர் மஞ்சள், தடிக்கத் தடிக்கச் செம்பு நிறம், ஊதா, நீலம். அழகாக அமைந்தால் அதற்காகவே கூடுதல் விலை கொடுப்பார்கள். அசிங்கமாக அமைந்தால் தயோயூரியா கலந்த அமிலத்தில் சில விநாடி முக்கி எடுப்பார்கள். கறுப்பு போய்விடும். கூடவே வெள்ளியும் ஓர் அடுக்கு போகும், அந்த வரப்புகளும் மழுங்கும். ஒரு தடவை முக்கினால் யாருக்கும் தெரியாது. பல தடவை முக்கினால் வண்டிச்சக்கரம் நின்றுபோய், நாணயம் பிணம்போல் வெளுத்துவிடும். கன்னத்து வெட்டை மறைக்க இன்னொரு கைவைத்தியமும் இருக்கிறது. மூக்கோரத்து எண்ணெய்ப் பசையை விரலால் தொட்டு வெட்டின் மேல் தடவுவது. லட்ச ரூபாய் நாணயத்தில் மூக்கெண்ணெய்! நான் இதை முதலில் நம்பவில்லை.

கண்ணை நம்பாமல் இயந்திரத்தை உட்கார வைக்கலாமே என்ற யோசனை பழையது. 1990-லேயே பி.சி.ஜி.எஸ். மார்கன் டாலருக்கு மதிப்பெண் போடும் கணினி ஒன்றைக் கொண்டுவந்து, பின்பு கைவிட்டது. 2010-ல் அதே நிறுவனம் நாணயத்தின் முகத்தைப் படமெடுத்து, கைரேகைபோலச் சேமிக்கும் ஏற்பாட்டை அறிவித்தது. அதே நாணயம் திரும்பி வந்தால் காட்டிக்கொடுத்துவிடும். அதன் தாய் நிறுவனம் 2021-ல் ஜெனமின்ட் என்ற தொழில்நுட்ப நிறுவனத்தை வாங்கியது. விளையாட்டு வீரர் அட்டைகளை இதேபோல அடையாளம் காண்பது அதன் வேலை. ஒவ்வொரு வெட்டும் கீறலும் ஒரு நாணயத்துக்கே உரியது என்பதால் அடையாளம் காண்பது இயந்திரத்துக்குச் சிரமமே இல்லை. சிரமம் அதற்கப்புறம். ‘இது போன வருடம் 65 வாங்கிய நாணயம்’ என்று இயந்திரம் சொல்கிறது. சரி, இப்போது என்ன செய்வது? அதே 65-ஐப் போட்டால் போன வருடம் தவறு நடந்திருந்தால் அது கல்வெட்டாகிவிடும். புதிதாகப் பார்த்தால் பழைய ஆட்டம் தொடரும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஒவ்வொரு உடைப்பும் நிறுவனத்துக்கு ஒரு கட்டணம்.

கடைசியில் சந்தை கண்டுபிடித்த மருந்து, மதிப்பெண்ணுக்கே ஒரு மதிப்பெண். என்.ஜி.சி.யைத் தொடங்கிய அதே அல்பனீஸ் 2007-ல் சி.ஏ.சி. என்று இன்னொன்றைத் தொடங்கினார். பெட்டியைத் திறக்கவே மாட்டார்கள். வெளியிலிருந்து பார்த்து, போட்ட எண்ணுக்கு உள்ளே இருப்பது தகுதியானது என்றால் பெட்டியின் மேல் ஒரு பச்சை வில்லை ஒட்டுவார்கள். எட்டாவது முயற்சியில் 66 வாங்கிய அரைகுறைக்கு வில்லை கிடைக்காது. போட்ட எண்ணைவிட மேலான நாணயம் என்று தோன்றினால் தங்க வில்லை. தங்க வில்லை அதிகம் கிடைப்பது பழைய பெட்டிகளுக்குத்தான். மதிப்பெண் வீங்குவதற்கு முன்னால், கையை இறுக்கிப் போட்ட காலத்து 64-கள், 65-கள்.

ஆகவே இப்போது பழைய பெட்டிகளைப் பலர் உடைப்பதில்லை. பி.சி.ஜி.எஸ். முதல் சில வருடங்களில் பயன்படுத்திய சின்னப் பெட்டிகளுக்குத் தனி கிராக்கி; உள்ளே இருப்பது சாதாரண டாலராக இருந்தாலும் அதே மதிப்பெண் வாங்கிய புதுப் பெட்டியைவிடக் கூடுதலாகக் கேட்கிறார்கள். அந்தக் காலத்து அச்சு வார்ப்பில் நாணயம் இறுக்கமாக உட்காரவில்லை. வாங்க வருபவர் பெட்டியைக் காதருகே கொண்டுபோய் மெல்ல ஆட்டிப் பார்க்கிறார். உள்ளே கிலுகிலுவென்கிறது. அந்தச் சத்தத்துக்கும் சேர்த்துத்தான் விலை.